உளநூலும் உளநூலார் தொழிலும்

மேனாட்டார் சைக்காலஜி என வழங்கும் கலைக்குத் தமிழில் உளநூல், மனநூல், உளவியல் என்னும் பெயர்கள் உள. யவன மொழியில் 'சைக்கீ' என்பது உயிரையும் 'லோகோஸ்' என்பது ஆராய்ச்சியுரையையும் குறிக்குமாகலின், சொற்பொருள் நோக்கின் அஃது உயிர்நூல் என்றே ஆதல் வேண்டும். ஆயினும் இக்காலத்து அக்கலை பயில்வோர் உயிர் உண்டோ இன்றோ என்னும் ஆராய்ச்சியில் தலையிடுவதில்லை. காண்டல், கற்றல், நினைத்தல், மறத்தல், அஞ்சுதல், விரும்புதல் என்னும் நிகழ்ச்சிகளையும் அவை புறத்தே செயலாய் வெளிப்படுமாற்றையுமே அவர் ஆராய்கின்றனர். பெயரால் உயிர்நூலாய்ப் பொருளாற் கரணநூலாய் நிற்கும் இம்முரண் சித்தாந்தம் பயில்வார்க்கு ஒரு குறைபோலத் தோன்றக்கூடும். உண்மையில் அதுவே அவர் இந்நூலுட் புகுதற்கு எளிய வாயிலாம்.

அஃது எங்ஙனமெனின், சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்று நிறுவுகின்றது. நிறுவியவாறே, சகச மலத்தால் மறைப்புண்ட உயிர் அக்கரணங்களோடு கூடியன்றி யாதொன்றையும் அறியமாட்டாது என்பதையும், அமைச்சரோடு கூடி அரசு செலுத்தும் மன்னனைப்போல அவற்றோடு கூடி ஐந்து அவத்தைப்படும் என்பதையும் உடன் உணர்த்துகின்றது. சித்தம் சிந்திக்கும், மனம் பற்றி ஐயுறும், அகங்காரம் யான் எனக் கொண்டெழும், புத்தி இஃது இன்னது எனத் துணியும். இந்நான்கும் மாயையின் காரியமாகிய கருவிகள். மன்னன் வேறு, அமைச்சர் வேறு என்பது எத்துணை உண்மையோ, அமைச்சர் தம்முள் மாறுகொண்டால் நாடு துன்புறும் என்பதும் அத்துணை உண்மையே. உளநூலார் ஆராய்வது இவ்வமைச்சர் குழுவை. மன்னனைப்பற்றி அவர் வாளாவிருப்பாராயின் அதனாற் சைவர்க்கு வருவதோர் இழுக்கில்லை. அமைச்சரே மன்னன் என்று அவருள் ஒருசாரார் கூறுவராயின் ஆண்டு மறுக்க வேண்டும். அம்மறுப்பிற்குச் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்து முதற்கண் நிற்கும் உலகாயதன் மதமறுப்பே வழிகாட்டும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. கிருட்டிணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவியை எடுத்துக்கொள்க. மானாவாரி நிலமும் மாந்தோப்பும் ஆடுமாடும் நம்பி வாழ்ந்த இப்பக்கத்து ஊர்களின் இளைஞர் பலர் இன்று ஓசூர்த் தொழிற்பேட்டையை நம்பி வாழ்கின்றனர். அங்கே பொறிகள் இரவும் பகலும் ஓடுவன. ஆகலின் ஒரு வாரம் பகல் ஷிப்டும் மறுவாரம் இரவு ஷிப்டுமாக மாறிமாறி உழைப்பவர் பலர். அத்தகைய இளைஞன் ஒருவன், சில திங்கள் கழித்து, படுத்தால் உறக்கமின்றி, எழுந்தால் ஊக்கமின்றி, காரணமின்றி நெஞ்சு படபடக்க, பேருந்தில் ஏறவும் அஞ்சி வீட்டின் ஒரு மூலையிற் கிடக்கிறான் என வைத்துக்கொள்க. வீட்டார் காற்றுச்சேட்டை என்பர். அயலார் செய்வினை என்பர். ஒருவர் தாயத்துக் கட்டச் சொல்வர், ஒருவர் குறி கேட்கச் சொல்வர். ஓரளவு சமயநூல் பயின்ற பெரியவரோ, பிராரத்தம் அனுபவித்தே தீர வேண்டும் என்று கூறி அமைவர். இம்மூவர் கூற்றிலும் அவ்விளைஞன் கூறுவது யாது என்று கேட்டவர் ஒருவருமிலர். அங்ஙனம் கேட்டலே உளநூலார் தொழிலின் முதற்படியென்க.

இனி, இக்கலை வளர்ந்த வரலாறு சிறிது அறியற்பாலது. ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரில் 1879-ஆம் ஆண்டு வுண்ட் என்னும் பேராசிரியர் மனநிகழ்ச்சிகளை ஆய்தற்கென ஓர் ஆய்வுச்சாலை நிறுவினார். ஓர் ஒலி செவியிற் பட்டதற்கும் அதனைக் கேட்டவன் கைவிரலை அசைத்ததற்கும் இடைப்பட்ட காலத்தைக் கருவியால் அளத்தல், உணர்ச்சி எழுந்தபோது உள்ளே நிகழ்ந்தது யாது எனப் பயிற்சி பெற்றோரைக் கூறச்செய்து குறித்தல் என்பன ஆண்டு நடைபெற்றன. இவற்றுட் பின்னையது சிவஞானசித்தியார் அளவையிற் கூறும் தன்வேதனைக் காட்சியை நினைப்பிக்கும். ஆயின் ஒருவர் தம்முட் கண்டதைப் பிறரொருவர் எட்டிப் பார்த்தல் இயலாமையின், கண்டோர் இருவர் மாறுபட்டவழித் தீர்ப்புக் கூறுவார் இலராயினர். இவ்விடர்ப்பாட்டால் 1913-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாட்சன் என்பார், அகத்தே நிகழ்வதை அறவே விடுத்துப் புறச்செயலை மட்டுமே ஆராய்தல் வேண்டும் என வாதித்தார். அக்கொள்கை நெடுங்காலம் ஓங்கிநின்றது. 1950-ஆம் ஆண்டுகட்குப் பின்னரே நினைவு, கருத்து என்பன மீண்டும் அவையேறின. கண்ணுக்குப் புலப்படாமையின் இல்லை என்னும் வழக்கு எவ்வளவு நாட்செல்லினும் நிலைபெறாது போலும்!

நம் நாட்டில் 1916-ஆம் ஆண்டு கல்கத்தாச் சர்வகலாசாலையில் இதற்கெனத் தனித்துறை தோன்றிற்று. அமெரிக்காவிற் பயின்று மீண்ட நரேந்திரநாத சென்குப்தர் அதன் தலைவர். அங்கே இக்கல்வி வேரூன்றத் துணைநின்றவர் பிரஜேந்திரநாத சீல் என்னும் மெய்ந்நூற் பேராசிரியர். பண்டை இந்தியரின் அறிவியற் கருத்துக்களைத் தொகுத்து 1915-இல் நூல் வெளியிட்டவரும் அவரே. பின்னர் அவர் மைசூர்ச் சர்வகலாசாலைத் துணைவேந்தராயிருந்த காலத்து, 1924-ஆம் ஆண்டில், அங்கும் இத்துறை தொடங்கப்பெற்றது. இலண்டனிற் பயின்ற கோபாலசுவாமி என்பார் அதன் தலைமை ஏற்றார். 1935-இல் தம் இல்லத்திலிருந்தே வானொலி பரப்பி, அதனை ஆகாசவாணி என வழங்கியவரும் இக்கோபாலசுவாமியே. சென்னைச் சர்வகலாசாலையில் 1943-ஆம் ஆண்டு இத்துறை ஏற்பட்டது. இந்திய மெய்ந்நூலிற் பழுத்த ஒருவர் இரண்டிடத்தும் இப்புதுக்கலைக்குத் துணைநின்றார் என்பது, இதனைச் சமயப்பகை எனக் கருதுவார் ஊன்றி நோக்கற்பாலது.

அளத்தலாற் கிடைத்த பயன்களுள் ஓரிரண்டு காட்டுதும் எனப் புகுவார்க்கு முதலில் நினைவுக்கு வருவது மறதியைப்பற்றிய ஆராய்ச்சி. எப்பிங்கவுஸ் என்னும் ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே நெட்டுருச்செய்து, எத்துணை நேரத்தில் எத்துணை மறக்கின்றது எனத் தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். கற்றது முதற் சில மணி நேரத்தில் மிக விரைந்து மறக்கும், பின்னர் மெல்லமெல்லக் குறையும் என்பதும், ஒரே அமர்வில் பலமுறை உருவேற்றுதலினும் இடைவிட்டு உருவேற்றுதல் நன்கு நிலைக்கும் என்பதும் அவர் கண்டன. திண்ணைப் பள்ளியிலும் மடத்திலும் பயின்றோர், காலையிற் பாடம் கேட்டு, மாலையில் முறை சொல்லி, மறுநாள் ஒப்பித்து, கிழமை முடிவில் மீண்டும் சிந்தித்தமையின் காரணம் இதனால் விளங்கும். தேர்வுக்கு முன்னாள் இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கும் இக்காலப் பிள்ளைக்கு அம்முறையின் அருமையை அறிவுறுத்த, ஆசிரியர் பிரம்பைக்காட்டிலும் எப்பிங்கவுஸின் கணக்குப் பயன்படும்.

மற்றொன்று உறக்கம். சாக்கிரத்தில் 35 கருவிகளும் சொப்பனத்தில் 25-உம் சுழுத்தியில் 3-உம் துரியத்தில் 2-உம் துரியாதீதத்தில் 1-உம் தொழிற்படும் என்பது சித்தாந்தக் கணக்கு. உறக்கம் ஒருபடித்தன்று, படிப்படியாய் இறங்குவது என்னும் கருத்து இதன்கண் உள்ளது. 1953-ஆம் ஆண்டு சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோனுடைய மூடிய விழிகள் இரவில் இடையிடையே விரைந்து அசைதலையும், அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனாக் கண்டமை கூறுதலையும் கண்டு எழுதினர். அதன்பின் நடந்த ஆராய்ச்சிகள் உடம்பினுள் ஏறத்தாழ ஒருநாள் அளவையுடையதொரு நாழிகைவட்டில் உண்டென்றும், பகலொளியால் அது திருத்தம் பெறும் என்றும், இரவுழைப்பால் அது குலைந்தவழி உறக்கமும் நினைவும் மனநிலையும் உடன் குலையும் என்றும் தெளிவித்தன. மேற்கூறிய இளைஞனிடம் உளநூலார் முதலிற் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, எந்த ஷிப்டில் வேலை, எத்தனை மணி நேரம் உறக்கம் என்பதாகவே இருக்கும். செய்வினை வைத்தவர் யார் என வினவுவார்க்கு இக்கேள்வி தோன்றுதலில்லை.

இவற்றைக் கேட்டவளவில், எல்லாம் நம் நூல்களில் முன்னரே உள்ளன என்று பெருமிதங் கொள்வாரும் உளர். அது நூலுக்கும் பெருமையன்று, அறிவுக்கும் துணையன்று. அவத்தைகளைக் கூறிய ஆசிரியர்களின் நோக்கம், கருவிகள் கழலக் கழல உயிர் தன்னியல்பில் யாதாய் நிற்கும் என்பதை உணர்த்திப் பாசநீக்கத்துக்கு வழிகாட்டுதல். விழியசைவை எண்ணியோர் நோக்கம் உறக்கத்தின் இயல்பறிதல். இரண்டும் ஒரு மரத்தை வேரிலிருந்தும் இலையிலிருந்தும் நோக்குவார் இருவர் போல்வன. 35 என்னும் எண்ணைக் கொண்டு மூளைநரம்புக்குக் கணக்குச் சொல்லப் புகுவார் இரண்டையும் பிழைபடுத்துவர்.

இனிப் பள்ளிப்பிள்ளைகள்பால் உளநூலார் ஆற்றும் பணி. பாரிஸ் நகரத்துப் பள்ளிகளிற் பின்தங்கிய பிள்ளைகளுள் தனியுதவி வேண்டுவார் யாவர் எனக் கண்டறிதற்காக பினே என்பார் சிமோன் என்பாரோடு கூடி 1905-இல் ஒரு சோதனைமுறை வகுத்தார். உதவற்கு எழுந்த அச்சோதனை பின்னாளிற் பிள்ளையின் நெற்றியில் எண்ணெழுதி ஒதுக்குதற்குக் கருவியாயினமை அக்கலையின் வரலாற்றிலுள்ள ஒரு கறை. அதனை அப்படியே பெயர்த்து இந்தியப் பிள்ளைகட்கு வைத்தல் பொருந்தாது எனக் கண்ட காமத் என்பார் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளைக் கொண்டு 1934-இல் திருத்தியமைத்தார். பினே–காமத் சோதனை என்னும் பெயரால் அது வழங்குகின்றது. இதன் இன்றியமையாமை கிருட்டிணகிரி மாவட்டத்தார்க்குச் சொல்லாமலே விளங்கும். வீட்டிற் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இம்மாவட்டத்துப் பலர். அத்தகைய பிள்ளை வினாவின் சொல் விளங்காமல் விழித்தால் அஃது அறிவுக்குறை ஆகுமா? ஆகாது. மந்தம் எனத் தள்ளப்பட்ட பிள்ளைகளுள் ஒருவனுக்குச் செவிக்குறையிருக்கும்; ஒருவனுக்கு எழுத்துக்கள் மட்டும் தடுமாறும், மற்றை அறிவு குறைவின்றியிருக்கும்; ஒருவன் வீட்டிற் பட்டினி. இவற்றைப் பிரித்தறிதலே நல்ல உளநூலாரின் திறம். எண் மட்டும் கூறி விடுப்பவர் பாதித்தொழிலே செய்தவராவர்.

நோயுற்றார்க்கு உதவும் உளநூலாரைப்பற்றி மக்களிடைப் பெரியதொரு மயக்கம் உண்டு. மனநோய் மருத்துவர் வேறு, உளநூலார் வேறு. முன்னவர் மருத்துவப் பட்டம் பெற்றுப் பின் மனநோய்ப் பிரிவிற் சிறப்புப் பயிற்சி பெற்றவர், மருந்து எழுதுபவர். பின்னவர் உளநூலில் உயர்பட்டமும் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றவர், மருந்து எழுதுவதில்லை. நோயாளர்க்கு உதவும் உளநூலார் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இந்திய மறுவாழ்வு மன்றத்திற் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பலகை மாட்டியவர் யாவரும் அத்தகுதியுடையர் எனக் கொள்ளற்க. பதிவெண் கேட்டல் நோயாளர்க்கு உரிமை.

அவர் செய்வதுதான் யாது? வெறும் ஆறுதலுரையோ எனின், அன்று. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டால் அலறும் குழந்தையொன்றுக்கு விருப்பமான உணவை உண்பித்துக்கொண்டே, முயலை அறையின் கோடியில் வைத்து, நாடோறும் சிறிதுசிறிது அணுக்கி, இறுதியில் அக்குழந்தை முயலைத் தடவி விளையாடுமாறு செய்தார். அச்சத்தை அறிவுரையால் ஓட்டாமல் அளவறிந்து பழக்கத்தால் தேய்த்தல் என்னும் இம்முறையே இன்றும் கையாளப்படுகின்றது. பேருந்துக்கு அஞ்சுவானை முதல்நாள் நிறுத்தம்வரை நடக்கவும், பின்னொருநாள் நின்ற பேருந்தில் ஏறியிறங்கவும், பின்னர் ஒரு நிறுத்தம் செல்லவும் துணைநின்று பழக்குவர்.

1960-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர் பெக் என்பார் வகுத்த முறை இன்னும் நுண்ணியது. கரணநூல் பயின்றார்க்கு அது மிக எளிதில் விளங்கும். மேலாளர் ஒருநாள் கடிந்து பேசினார். மனம் அதனைப் பற்றிற்று. புத்தி, தீர ஆராயாமலே, இனி வேலை போயிற்று எனத் துணிந்தது. அகங்காரம் அத்துணிவைத் தன்மேல் ஏறட்டு, யான் எதற்கும் பயன்படேன் எனக் கொண்டெழுந்தது. சித்தம் அதனையே இரவெல்லாம் சிந்தித்தது. நிகழ்ந்தது ஒரு கடுஞ்சொல். விளைந்ததோ உலகமே இருண்ட நிலை. உளநூலார் அவ்விளைஞனோடு எதிரமர்ந்து, அத்துணிவுக்குச் சான்று யாது, மாறான சான்று உண்டா, வேறு பொருள் கொள்ளலாகாதா எனத் தருக்க முறையில் அவனையே ஆராயச் செய்வர். விடையைத் தாம் கூறார். எழுதி வரச்செய்து அடுத்த வாரம் மீண்டும் நோக்குவர். சில வாரங்களில் புத்தி தன் தொழிலைச் செய்யப் பழகும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் சித்தாந்தக் கருத்தை உணர்ந்தார்க்கு, துயர நினைவையே சார்ந்து கிடந்த ஒருவன் அச்சார்பினின்று மெல்லப் பெயர்க்கப்படும் இம்முறை வியப்பாகத் தோன்றாது.

வினைப்பயன் என அமைவாரது கூற்று ஈண்டு ஆராயற்பாலது. வினை ஆதிதைவிகம், ஆதிபௌதிகம், ஆதியான்மிகம் என மூவகையாற் பயன்தரும் என்பது நூற்றுணிபு. காய்ச்சலும் வினைப்பயனே, பாம்புகடியும் வினைப்பயனே. அவற்றிற்கு மருத்துவரிடம் விரைந்தோடுவார், மனத்துயர்க்கு மட்டும் அனுபவித்தே தீர்க்க என்பது எந்நூல் முறை? நோய் வினையால் வந்ததாயின் மருந்தும் துணைவரும் கிட்டுதலும் வினையால் வந்தனவே. கொல்லிமழவன் மகளைப் பற்றிய முயலகன் நோயைக் கண்ட திருஞானசம்பந்தப் பெருமான், திருப்பாச்சிலாச்சிராமத்தில் அதனை நீக்கியருளினாரேயன்றி, வினை என விடுத்துப் போயினாரல்லர். திருவருளால் நோய் நீங்கிய வரலாறுகளை எடுத்துக்காட்டி மருத்துவத்தை மறுப்பார் அவ்வரலாறுகளின் உயிர்நிலையாகிய இரக்கத்தை மறந்தவராவர்.

அற்றேல், நோயுற்றாரைக் கோயிலுக்கு அழைத்துச்செல்லுதல் பயனற்றதோ எனின், அதனையும் அளந்தே பார்த்தனர். தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் என்னும் ஓரிடத்துக்குக் கடும் மனநோயுற்றோரைக் கொணர்ந்து தங்கவைக்கும் வழக்கம் உண்டு. பெங்களூரிலிருந்து சென்ற ரகுராம் முதலிய மருத்துவர்கள், அங்கு வந்து தங்கிய 31 பேரை, வந்தபோதும் மீண்டபோதும் ஒரே அளவுகோலால் அளந்து, நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தமையை 2002-ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஆங்கே தனிச்சடங்கு ஏதும் செய்யப்படவில்லை. உறவினர் உடனிருத்தல், கோயிற்பணியிற் சிறுசிறு பங்கு, அச்சுறுத்தலின்மை, யாவரும் மதித்து நடத்தல் என்னும் இவையே நலம் தந்தன என்பது அவர் கருத்து. குறிகள் குறைந்தனவேயன்றி நோய் முற்றும் நீங்கிற்று என அவர் கூறவில்லை என்பதும் மறக்கலாகாது.

இதற்கு மறுதலையாயது ஏர்வாடி. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அவ்வூர்க் காப்பிடம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாமல் மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அக்குற்றத்தை ஒரு சமயத்தின்மேல் ஏற்றுதல் முறையன்று. நோயாளரைக் கட்டிவைக்கும் வழக்கம் எல்லாச் சமயத்தார் தலங்களைச் சார்ந்தும் இருந்துவந்தது. அன்பால் தங்கவைத்தல் மருந்தாகும், சங்கிலி அங்ஙனமன்று. மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் விலக்கியுள்ளது. தன்னுயிரை மாய்க்க முயன்றவன் கடும் மனவழுத்தத்தில் இருந்தவனாகவே கொள்ளப்பட வேண்டும், அவனுக்கு அரசு உதவ வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. முன்னைச் சட்டம் அவனைத் தண்டிக்க நின்றது.

பைத்தியம், கிறுக்கு என்னும் இழிசொற்களை நோயுற்றார்மேல் வீசுதலும் ஒருவகைச் சங்கிலியே. திருவெண்ணெய்நல்லூரில் வன்றொண்டர் பித்தன் என இகழ்ந்த சொல்லையே முதலாக வைத்துப் பாடுக எனப் பணித்து அதனைத் தன் பெயராக ஏற்றுக்கொண்ட பெருமானை வழிபடும் மரபினர் அச்சொல்லை ஒருவனை வீட்டின் பின்கட்டில் மறைத்துவைத்தற்குக் காரணமாக்குதல் நாணத்தக்கது.

கல்லாவிப் பக்கத்தார்க்கு உதவி நெடுந்தொலைவில் இல்லை. கிருட்டிணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பெற்றது. தருமபுரியிலும் அத்தகைய கல்லூரி மருத்துவமனை உண்டு. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழி மருத்துவரைக் காணலாம். 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பெற்று, இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசக் கிடைக்கின்றது. இதற்கு நாடளாவிய நடுவிடம் பெங்களூர் நிம்ஹான்ஸ். அந்நிறுவனம் 1954-இல் மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையை அடுத்துத் தோன்றிய அகில இந்திய நிலையத்தினின்று, 1974-இல் இரண்டும் ஒன்றாகி வளர்ந்தது. நோயாளர்க்கு உதவும் உளநூலாரைப் பயிற்றும் வகுப்பு 1955 முதல் அங்கு நடைபெறுகின்றது. அஃது அமைந்துள்ள வீதியின் பெயர் ஓசூர் சாலை. ஓசூருக்கு வேலை தேடிப் போகும் இளைஞன் எந்நெடுவழியிற் போகின்றானோ அவ்வழியே வடக்கு நோக்கி நீண்டு அந்நிறுவனத்தின் வாயிலைத் தொடுகின்றது. முதன்முறை செல்வோர் உடன் ஒரு உறவினரையும், முன்னர் உண்ட மருந்துச் சீட்டுக்களையும், உறக்கமும் உணவும் எவ்வாறிருந்தன என்பதற்கு இரண்டு வாரக் குறிப்பையும் கொண்டுசெல்லுதல் நன்று. உளநூலாரிடம் கூறுவன மறைவாகக் காக்கப்படும். உயிர்க்கு ஊறு நேரும் என அஞ்சும் இடம் முதலிய சில இடங்களிலேயே அதற்கு விலக்கு உண்டு; அவ்விலக்கையும் தொடக்கத்திலேயே அவர் எடுத்துரைப்பர்.